யானை வேட்டைக்காரரின் புத்தகத்தைக் கையில் எடுக்கும் முன்

ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் எழுதிய நினைவுநூல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு குரல்தான் கேட்கும். "அந்தக் காலத்து மனுஷன் சிங்கத்துக்கு எதிரே தனியா நின்னான், இன்னைக்கு எவனால முடியும்" என்று உருகும் குரல் ஒன்று. "கொலைகாரப் பசங்க, இதையெல்லாம் எதுக்குப் படிக்கணும்" என்று முகம் சுளிக்கும் குரல் இன்னொன்று. எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தடுமாறும், ஏனென்றால் எல்லா வேட்டைக்காரரையும் ஒரே ஆளாக நினைத்துக்கொண்டுதான் இந்தப் பேச்சே நடக்கிறது.

தமிழ் வாசகருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, அது ஜிம் கார்பெட். நம்மில் பலர் வேட்டை இலக்கியத்துக்குள் நுழைந்தது அவர் வழியாக. புலி ஊராரைத் தின்கிறது, ஊரார் அழைக்கிறார்கள், அவர் போகிறார், புலி சாகிறது, ஊர் நிம்மதியாகத் தூங்குகிறது. அதே எதிர்பார்ப்போடு ஆப்பிரிக்கப் புத்தகம் ஒன்றைத் திறந்தால் பத்தாவது பக்கத்திலேயே திகைப்பு வரும். இங்கே யானை யாரையும் ஒன்றும் செய்யவில்லை. தந்தம் இருந்தது, சுட்டார்கள், அவ்வளவுதான். கார்பெட் 1947ல் கென்யாவுக்குக் குடிபோய் 1955ல் நியேரி என்ற ஊரில் இறந்தவர் என்பதால் இவர்கள் எல்லாரும் ஒரு குடும்பம் என்ற எண்ணம் இன்னும் பலமாகிவிட்டது. கார்பெட்டின் அளவுகோலை இங்கே கொண்டுவந்தால் முதலுக்கே மோசம்.

அதனால் புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதல் அத்தியாயத்தைப் படிக்கும்போதே, இந்த ஆள் துப்பாக்கியைத் தூக்கியதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அது தெரிந்தால் புத்தகத்தில் எதை நம்பலாம், எது பெருக்கிச் சொன்னது, எதை விழுங்கிவிட்டார் என்பதில் பாதி விளங்கிவிடும்.

## ஒரே சாலை, நான்கு பேர்

ஒரு மலைச்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். காய்கறி மூட்டை ஏற்றி இறங்கும் லாரிக்காரரிடம் அந்தச் சாலையைப் பற்றிக் கேட்டால் எத்தனை டன், எவ்வளவு டீசல், எந்த வளைவில் பிரேக் சூடாகும் என்று சொல்வார். டூரிஸ்ட் வேன் ஓட்டுபவர் வண்டியில் வந்தவர்களின் கூத்தைச் சொல்வார், யார் பணக்காரர், யார் வாந்தி எடுத்தார் என்பதை மட்டும் பெயர் மாற்றிச் சொல்வார். லீவுக்குச் சொந்தக் காரில் ஒரே ஒரு முறை போனவர் பனிமூட்டத்தையும் கொண்டை ஊசி வளைவையும் ஒரு மணி நேரம் வர்ணிப்பார். மண் சரிந்தால் அள்ளப் போகும் நெடுஞ்சாலைத் துறை ஊழியருக்கோ அது ஒரு வேலை உத்தரவு. நான்கு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த நான்கு கதைகளில் இருப்பதும் ஒரே சாலை இல்லை.

ஆப்பிரிக்க வேட்டை நூல்களிலும் ஏறக்குறைய இதே நான்கு பேர் இருக்கிறார்கள். தந்தம் விற்றுப் பிழைத்தவர், அரசாங்கச் சம்பளத்துக்குச் சுட்டவர், பணக்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டியவர், அப்படிக் கூட்டிப்போகப்பட்ட பணக்காரர். ஒரே ஆள் வெவ்வேறு வயதில் இதில் இரண்டு மூன்று வேலைகளைப் பார்த்திருப்பதும் சகஜம். ஜார்ஜ் ரஷ்பி என்பவர் திருட்டுத்தனமாக யானை சுட்டுப் பிழைத்துவிட்டு, பிறகு தாங்கனிக்காவின் (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) வனவிலங்குத் துறையிலேயே அதிகாரியாகச் சேர்ந்தவர்.

## தந்தக்காரர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தந்தம் என்பது கலைப்பொருள் மட்டும் இல்லை, தொழிற்சாலைக் கச்சாப்பொருள். பியானோ கட்டை, பில்லியர்ட்ஸ் பந்து, சீப்பு, கத்திப்பிடி எல்லாம் அதில்தான். யானையைச் சுட்டுத் தந்தத்தை விற்றால் அடுத்த பயணத்துக்கு முதல் கிடைக்கும்.

ஃபிரெடெரிக் செலூஸ் இந்தத் தலைமுறையின் பெரிய பெயர். 1851ல் பிறந்த ஆங்கிலேயர். 1872ல் இன்றைய ஜிம்பாப்வேயில் இருந்த நிடெபெலே அரசர் லொபெங்குலாவிடம் போய் யானை வேட்டைக்கு அனுமதி கேட்டார். வயது இருபதுதான், பார்க்க அதைவிடச் சின்னப் பையன். அரசர் சிரித்துவிட்டு, நீ சின்ன மான் சுட வந்தாயா என்று கேட்டதை செலூஸே எழுதியிருக்கிறார். கையில் இருந்தது ஆறு பவுண்டு விலைக்கு வாங்கிய முரட்டுத் துப்பாக்கி, நான்கு போர். போர் என்பது குழலின் அளவைச் சொல்லும் பழைய கணக்கு: ஒரு பவுண்டு ஈயத்தை நான்கு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை நுழையும் குழல் நான்கு போர். அதாவது ஒரு குண்டே நூறு கிராமுக்கு மேல். இடுப்பில் தொங்கும் தோல்பையிலிருந்து கருமருந்தைக் கையால் அள்ளிக் குழலில் போட்டு, ஓடிக்கொண்டே கெட்டித்து, சுட வேண்டும். ஒரு முறை அவசரத்தில் இரண்டு தடவை மருந்து நிரப்பப்பட்டுவிட, துப்பாக்கி அவரையே தூக்கி எறிந்திருக்கிறது. அந்த உதை தன் குறியையே கெடுத்துவிட்டது என்று பிற்காலத்தில் நொந்துகொண்டார்.

இத்தனையும் கால்நடையாக. காரணம் வீரம் இல்லை, செட்சி ஈ. குதிரையையும் மாட்டையும் கொல்லும் நோயைப் பரப்பும் ஈ அது. அந்த ஈ உள்ள காட்டுக்குள் வண்டியையும் குதிரையையும் கொண்டுபோனால் திரும்பி வராது. பழைய புத்தகங்களில் வேட்டைக்காரர் ஏன் இப்படி மைல் கணக்கில் நடக்கிறார் என்று தோன்றினால் பெரும்பாலும் பதில் இந்த ஈதான்.

அடுத்த தலைமுறையில் பெல். முழுப்பெயர் வால்டர் டால்ரிம்பிள் மெய்ட்லண்ட் பெல், 1880ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். இன்றைய உகாண்டாவின் வடகிழக்கில் உள்ள கரமோஜா பகுதியில் வேட்டையாடியதால் 'கரமோஜோ' பெல் என்றே பெயர் நின்றுவிட்டது. அவர் கணக்குப்படி வாழ்நாளில் சுட்டது 1,011 யானைகள், அதில் பெண் யானை 28 மட்டும். எப்படி இவ்வளவு துல்லியம் என்று ஆச்சரியப்பட வேண்டாம், தந்தக்காரருக்கு அது பேரேடு. எத்தனை குண்டு செலவு, எத்தனை ராத்தல் (பவுண்டு எடை) தந்தம், சுமைகாரர் கூலி எவ்வளவு என்பது தெரியாவிட்டால் தொழில் படுத்துவிடும். ஒரு வருஷத்தில் 24 ஜோடி பூட்ஸ் தேய்ந்தது என்றும், ஒரு கொம்பன் யானைக்குச் சராசரியாக 73 மைல் நடந்திருப்பார் என்றும் சொல்வார்கள். 1923ல் வந்த 'வாண்டரிங்ஸ் ஆஃப் அன் எலிஃபன்ட் ஹன்ட்டர்' என்ற அவர் நூலில் வீரவசனம் தேடுபவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். நடை, தண்ணீர், காற்று வீசும் திசை, மறுபடியும் நடை. எனக்கு அந்த நூல் பிடித்ததே இதனால்தான், ஆனால் நடுவில் தூக்கம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இவரை வைத்து ஒரு சின்ன வரலாற்றுப் பாடமும் உண்டு. நைல் நதியின் மேற்குக் கரையில் லாடோ என்ற பகுதி பெல்ஜியம் அரசர் இரண்டாம் லியோபோல்டின் கையில் குத்தகையாக இருந்தது, அவர் ஆயுள் வரைக்கும்தான். 1909 டிசம்பரில் அவர் இறந்தார், 1910ல் பகுதி சூடானுக்குப் போனது. இடைப்பட்ட மாதங்களில் கேட்க ஆளில்லை. சுற்றுவட்டாரத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் உள்ளே பாய்ந்து யானைகளைச் சூறையாடினார்கள். இதைச் சாகசக் காலமாக எழுதிய நூல்களும் உண்டு, சட்டம் இல்லாத இடத்தில் நடந்த கொள்ளை என்று வாசிப்பதற்கும் அதே பக்கங்கள் போதும்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: தந்தக்காரரின் நூலில் எண்ணிக்கையை ஓரளவு நம்பலாம், அது அவர் வியாபாரக் கணக்கு. யானைக்காக அவர் வருந்துவார் என்று எதிர்பார்த்துப் படிக்கக் கூடாது.

## சின்னத் துப்பாக்கியால் பெரிய யானை: அதிகம் குழப்பிக்கொள்ளும் விஷயம்

பெல்லின் பெயரை வைத்து நடக்கும் முடிவில்லாத சண்டை ஒன்று உண்டு. அவர் பெரும்பாலான யானைகளைச் சுட்டது .275 ரிக்பி என்ற மெல்லிய ரைஃபிளால். அதே காலத்தில் மற்றவர்கள் .577, .600 என்று பீரங்கி மாதிரி இரட்டைக் குழல் ரைஃபிள்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். இந்த எண்கள் காலிபர், அதாவது குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். .275 என்றால் ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர், பென்சில் பருமன். அதன் குண்டு சுமார் 11 கிராம். .600 நைட்ரோ எக்ஸ்பிரஸின் குண்டு 58 கிராம்.

"பார்த்தீர்களா, சின்னதே போதும், பெரிய துப்பாக்கி எல்லாம் பந்தா" என்பது ஒரு கட்சி. "பெல் அளந்து விடுகிறார்" என்பது எதிர்க்கட்சி. இரண்டும் தப்பு. என்ன நடந்தது என்பது யானையின் தலைக்குள் இருக்கிறது.

யானையின் தலை அவ்வளவு பெரிதாக இருந்தாலும் மூளை ஐந்து கிலோ அளவுதான், அதுவும் நெற்றிக்குப் பின்னால் இல்லை, மண்டையின் பின்பக்கம் தாழ்வாக, இரண்டு காதுத் துளைகளுக்கு நடுவே. முன்னால் இருப்பது தேன்கூடு மாதிரி காற்றறைகள் நிறைந்த எலும்பு. நெற்றியில் சுட்டால் குண்டு அந்த எலும்புக்குள் எங்கேயோ போய்விடும், யானை தலையைச் சிலுப்பிக்கொண்டு நிற்கும், அல்லது உங்களை நோக்கி வரும். பெல் செத்த யானையின் மண்டையை ரம்பத்தால் அறுத்துப் பிளந்து மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்திலிருந்து எப்படிப் போனால் அது கிடைக்கும் என்று படித்து வைத்திருந்தார். படம் வரையத் தெரிந்தவர், வரைந்தும் வைத்தார்.

அப்புறம் குண்டு. சாதாரண வேட்டைக் குண்டு உடம்பில் பட்டதும் நசுங்கி விரியும். பெல் பயன்படுத்தியது சாலிட், அதாவது ஈயத்தின் மேல் முழுக்க கெட்டியான உலோக உறை போட்ட குண்டு. நசுங்காது, உருமாறாது, எலும்பைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும். இடம் தெரிந்த கை, நேராகப் போகும் குண்டு, இரண்டும் சேர்ந்தால் பென்சில் பருமனே போதும். மூளையில் பட்டால் யானை நின்ற இடத்திலேயே பின்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிடும்.

அப்படியானால் பெரிய ரைஃபிள் எதற்கு? மூளை தவறும்போது. பெல் வேட்டையாடிய இடம் பெரும்பாலும் வெட்டவெளி, துப்பாக்கிச் சத்தத்துக்கு இன்னும் பழகாத யானைகள், பாதுகாப்பான தூரத்தில் நின்று பக்கவாட்டில் நிதானமாகக் குறிபார்க்க முடிந்தது. அடர்ந்த புதருக்குள், பத்தடி தூரத்தில், தலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் யானையின் மூளையை அந்த நொடியில் கணக்குப் போட்டுத் தொடுவது வேறு சமாசாரம். அங்கே குறி கொஞ்சம் விலகினாலும் கனமான குண்டு யானையைக் கிறங்கடித்து நிறுத்தும், அடுத்த குண்டைச் சுட இரண்டு மூச்சு நேரம் கிடைக்கும். இரட்டைக் குழலும் அதற்குத்தான், இரண்டாவது குண்டு தயாராக இருக்கும், கையால் இழுத்து ஏற்ற வேண்டியதில்லை.

இதை எண்ணாக்கப் பார்த்தவர் ஜான் டெய்லர், 'பொண்டோரோ' என்ற பட்டப்பெயர் கொண்ட அயர்லாந்துக்காரர், மொசாம்பிக் பக்கம் திருட்டு வேட்டையில் காலம் கழித்தவர். 1948ல் வந்த தன் நூலில் குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி ஒரு மதிப்பெண் கொடுத்தார், நாக் அவுட் மதிப்பு என்று அதற்குப் பெயர். கெட்டிக் குண்டு யானைத் தலையில் பட்டு மூளை தவறினால் யானை எவ்வளவு கிறங்கும் என்பதை ஒப்பிடத்தான் அதை உண்டாக்கினார். இன்று மான் சுடும் துப்பாக்கி வரைக்கும் அந்த எண்ணைப் போட்டு எது பெரிது என்று மல்லுக்கட்டுகிறார்கள். டெய்லரின் நூலைத் திறந்து பார்த்தவர் யாரும் அந்தச் சண்டையில் இறங்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

சுருக்கமாக: பெல் சொன்னது உண்மை, ஆனால் அது அவர் கை, அவர் காடு, அவர் காலத்து யானைக்கான உண்மை. ஒரு நூலில் துப்பாக்கி விவரம் வரும்போது, எந்த மாதிரிக் காட்டில் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

## சம்பளத்துக்குச் சுட்டவர்கள்

காலனி அரசுகளின் வனவிலங்குத் துறைக்கு இரண்டு வேலை இருந்தது: விலங்கைக் காப்பது, பயிரையும் ஆளையும் அழிக்கும் விலங்கைச் சுடுவது. இரண்டாவதற்குப் பெயர் கட்டுப்பாட்டு வேட்டை. பெயர்தான் மென்மை.

ஜே. ஏ. ஹன்ட்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் (வேட்டைக்காரருக்கு வேட்டைக்காரர் என்றே குடும்பப்பெயர் அமைவது எல்லோருக்கும் வாய்க்காது) கென்யாவின் மகுவேனி பகுதியில் 1944 ஆகஸ்டிலிருந்து 1946 அக்டோபருக்குள் சுட்ட காண்டாமிருகங்கள் 996. கம்பா மக்களைக் குடியேற்ற நிலம் வேண்டும், புதர்க்காட்டை வெட்டித் திருத்த வேண்டும், வெட்டப் போகிறவர்களைக் காண்டாமிருகம் முட்டுகிறது, எனவே இருப்பதைத் தீர்த்துவிடு என்று உத்தரவு. 1952ல் வந்த 'ஹன்ட்டர்' என்ற நூலில் அவர் இதை மறைக்கவில்லை, இன்னும் சில ஏக்கர் நிலத்துக்காக இப்படி ஒரு விலங்கை ஒழிப்பது தகுமா என்ற கேள்வியையும் அவரே எழுப்புகிறார். ஆனாலும் சுட்டார்.

இந்த இடத்தில் இன்றைய வாசகருக்கு வயிறு பிசையும். 1970ல் ஆப்பிரிக்காவில் சுமார் 65,000 கறுப்புக் காண்டாமிருகங்கள் இருந்ததாகக் கணக்கு, 1990களின் நடுவில் அது 2,500க்கும் கீழே இறங்கியது, பெருமளவு கொம்புக்கான திருட்டு வேட்டையால். ஹன்ட்டர் சுட்ட காலத்தில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. அவரைத் திட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. ஆனால் இது தனி ஒருவரின் ரத்தவெறி இல்லை, நிலக் கொள்கை, அதை நிறைவேற்றிய கை அவருடையது. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்கள் இப்படி நூல் எழுதி மாட்டிக்கொள்ளவில்லை.

## கூட்டிப்போனவரும் கூட வந்தவரும்

பணம் படைத்த ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்கு வரத் தொடங்கியபோது அவர்களைக் கூட்டிப்போகும் தொழில் நைரோபியில் வளர்ந்தது. 1934ல் அங்கே கிழக்கு ஆப்பிரிக்கத் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கம் உருவானது, பிலிப் பெர்சிவல் அதன் தலைவராக நெடுங்காலம் இருந்தார். 1977ல் கென்யா வேட்டையைத் தடைசெய்தபோது சங்கமும் முடிந்துபோனது.

இந்தத் தொழிலின் கடினமான பகுதி சுடுவது இல்லை, சரியாகச் சுடத் தெரியாதவர் சுட்ட பிறகு நடப்பதுதான். விருந்தாளியின் குண்டு சிறுத்தையின் வயிற்றில் பட்டு, அது புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். காயம்பட்ட விலங்கை அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது என்பது தொழில் தர்மம். விருந்தாளி காரில் உட்கார்ந்திருக்க, கூட்டிவந்தவர் புதருக்குள் போவார். எருமையானால் இன்னும் மோசம், வந்த தடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பி நின்று காத்திருக்கும் என்று பல நூல்கள் சொல்கின்றன.

இவர்கள் எழுதும் நூலில் ஒரு நெளிவு இருக்கும், கவனித்துப் பாருங்கள். கட்டணம் கொடுத்தவரின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும். அதனால் சொதப்பியவர் எப்போதும் 'ஒரு பெரிய மனிதர்', பெயர் இருக்காது. நன்றாகச் சுட்டவருக்குப் பெயரும் பட்டமும் முழுதாக இருக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுட்டால் சிங்கம் விருந்தாளியுடையது.

விருந்தாளியே எழுதிய நூல்களில் பெரியது அமெரிக்க அதிபராக இருந்த தியோடோர் ரூஸ்வெல்ட்டுடையது. பதவி முடிந்த கையோடு 1909ல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்காக என்று புறப்பட்டார், ஆர். ஜே. கன்னிங்கம் என்ற அனுபவசாலி வழிகாட்ட. பூச்சி, செடி, எலி உட்பட 11,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. அப்பாவும் மகன் கெர்மிட்டும் சுட்டது மட்டும் 512, அந்தப் பட்டியலை 1910ல் வந்த தன் நூலிலேயே அச்சிட்டிருக்கிறார். மேலே சொன்ன லாடோ பகுதியில் ஒன்பது வெள்ளைக் காண்டாமிருகங்களும் அதில் அடக்கம். அந்த வடக்கு வெள்ளைக் காண்டாமிருக வகையில் இன்று உலகத்திலேயே மிச்சம் இரண்டு பெண்கள், கென்யாவில் ஓல் பெஜேட்டா சரணாலயத்தில் காவலோடு இருக்கின்றன. இந்தக் கதியைப் பெரும்பாலும் பிற்காலத் திருட்டு வேட்டையும் உள்நாட்டுப் போர்களும்தான் கொண்டுவந்தன, ரூஸ்வெல்ட் இல்லை. இருந்தாலும் தெரிந்துகொண்டு படித்தால் அந்த அத்தியாயம் வேறு மாதிரி இருக்கும்.

## எண்ணிக்கை வளரும் விதம்: சாவோ சிங்கங்கள்

நினைவுநூலில் எண்ணை எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1898ல் பிரிட்டிஷ்காரர்கள் உகாண்டா ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். கென்யாவின் சாவோ ஆற்றுப் பாலத்தில் வேலைசெய்தவர்களில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட கூலித் தொழிலாளர்கள். பிடரி மயிர் இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் இரவில் கூடாரத்துக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப்போயின. முள்வேலி போட்டார்கள், வேலியைத் தாண்டி வந்தன. வேலை சில காலம் நின்றே போனது. பாலத்துக்குப் பொறுப்பான ஜான் ஹென்றி பேட்டர்சன் டிசம்பர் மாதத்தில் இரண்டையும் சுட்டார்.

அவர் 1907ல் எழுதிய நூலில் இறந்தவர்கள் 28 இந்தியத் தொழிலாளர்கள், கூடவே கணக்கில் வராத ஆப்பிரிக்கர்கள் பலர். பிறகு 1924ல் அந்தத் தோல்களை சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்கு 5,000 டாலருக்கு விற்றார். அதுவரை கால் நூற்றாண்டாக அவர் வீட்டில் தரைவிரிப்பாகக் கிடந்தவை அவை. அருங்காட்சியகத்துக்காக அடுத்த வருஷம் எழுதிக்கொடுத்த சிறு வெளியீட்டில் எண்ணிக்கை 135 ஆகிவிட்டது. பிற்காலப் பேச்சிலும் படத்திலும் நிலைத்தது இந்த 135தான்.

2009ல் விஞ்ஞானிகள் அந்தச் சிங்கங்களின் மயிரையும் எலும்பையும் ஆராய்ந்தார்கள். ஐசோடோப்பு என்பது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வடிவம். புல் தின்னும் மான், இலை தின்னும் மான், மனிதன் என்று ஒவ்வொரு உடம்பிலும் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளின் விகிதம் வேறாக இருக்கும், அதைத் தின்ற சிங்கத்தின் மயிரிலும் எலும்பிலும் அது பதிந்துவிடும். மயிர் கடைசி சில மாதத்துச் சாப்பாட்டைக் காட்டும், எலும்பு பல வருஷத்துச் சாப்பாட்டைக் காட்டும். இரண்டையும் ஒப்பிட்டால் கடைசி மாதங்களில் எவ்வளவு மனித இறைச்சி சேர்ந்தது என்று கணிக்கலாம். வந்த மதிப்பு சுமார் 35 பேர், ஒரு சிங்கம் 24, மற்றது 11. பிழை வரம்பு பெரியது, 72 வரைக்கும் போகலாம் என்று அவர்களே சொன்னார்கள். இன்னொன்றையும் மறக்கக் கூடாது, இந்த முறை தின்றதைத்தான் எண்ணும், கொன்றுவிட்டுத் தின்னாமல் போனதை எண்ணாது.

ஆக பேட்டர்சன் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் நூலின் எண் ரயில்வேயின் பதிவோடு ஒத்துப்போகிறது, ஆப்பிரிக்கர்களை யாரும் எண்ணவே இல்லை என்பதும் நிஜம். தோல் விலைபோன பிறகு வந்த எண்ணை வேறாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஆள் ஒரே சம்பவத்தை இரண்டு முறை எழுதியிருந்தால் முந்தியதைக் கையில் எடுங்கள்.

எந்த விலங்கு மிக ஆபத்தானது என்ற பட்டிமன்றத்துக்கும் இதே மருந்து. ஹன்ட்டருக்குச் சிறுத்தை முதலிடம், செலூஸுக்குச் சிங்கம். ரூஸ்வெல்ட் தன் நூலில் அனுபவசாலிகள் ஆளுக்கொரு பதில் சொல்வதைப் பட்டியலே போட்டிருக்கிறார். யாரை எது எங்கே மடக்கியதோ அதுதான் அவருக்கு முதலிடம்.

## புத்தகத்தில் பாதி இருப்பவர்கள்

'நான் தடத்தைக் கண்டேன்' என்று எழுதியிருந்தால் அந்த 'நான்' பெரும்பாலும் வேறு ஒருவர். காய்ந்த புல்லில் எந்த இதழ் மடங்கியிருக்கிறது, சாணம் எவ்வளவு சூடு, யானை போனது காலையிலா நேற்றிரவா என்று படித்துச் சொன்னவர்கள் கம்பா, என்டொரோபோ, கரமோஜோங் இனத்துத் தடம் பார்ப்பவர்கள். பெல் தன் ஆளான பியாலேயைப் பெயர் சொல்லிப் பாராட்டி எழுதியிருக்கிறார், பேட்டர்சன் நூலில் துப்பாக்கி தூக்கிய மகினா வருகிறார். பல நூல்களில் அந்த ஒரு பெயர்கூடக் கிடையாது, 'என் பையன்' என்று ஐம்பது வயதுக்காரரைச் சொல்லியிருக்கும்.

இன்னொரு பக்கம் சட்டம். 1900ல் லண்டனில் காலனி வல்லரசுகள் கூடி ஆப்பிரிக்க விலங்குகளைப் பாதுகாக்க ஓர் ஒப்பந்தம் போட்டன. அதற்குப் பின் வந்த விதிகளில் லைசென்ஸ் கட்டணம் கட்ட முடிந்த வெள்ளையர் சுட்டால் விளையாட்டு, தலைமுறை தலைமுறையாக வில்லோடு வேட்டையாடியவர் கொன்றால் திருட்டு என்றானது. கென்யாவின் கிழக்கே வாத்தா மக்கள் நூறு ராத்தலுக்கு மேல் இழுவிசை கொண்ட வில்லில் நஞ்சு தடவிய அம்பை ஏற்றி யானையைக் கொன்றவர்கள். 1950களில் சாவோ தேசியப் பூங்காவில் நடந்த பெரிய நடவடிக்கையில் அவர்களில் பலர் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் நினைவுநூல் எழுதியிருந்தால் நான் பெல்லை ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் முதலில் படிப்பேன்.

## எங்கே தொடங்கலாம்

முதல் புத்தகம் என்றால் ஹன்ட்டர். அவர் வழிகாட்டியாகவும் இருந்தார், சம்பளத்துக்கும் சுட்டார், எழுத்தும் ஓடும். அவரைப் படிக்கும்போது ஒவ்வொரு அத்தியாயத்திலும் இந்த வேட்டைக்கு யார் பணம் கொடுத்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் குரல் மாறுவது தெரியும். அடுத்து பெல், பொறுமையோடு. பேட்டர்சனைப் படிக்கையில் 28, 135, 35 மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செலூஸ் கடைசியில், பழைய ஆங்கிலம், நீளமும் அதிகம். இந்தப் பழைய நூல்களில் பல காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வரைபடம் இல்லாத மலிவுப் பதிப்பை மட்டும் வாங்காதீர்கள், லாடோ எங்கே, கரமோஜா எங்கே என்று தெரியாமல் பெல்லோடு நடக்க முடியாது.